பாம்புக்குள் வந்த விருந்தாளி

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாம் தீவின் காட்டுப் பறவைகளைப் பழுப்பு மரப்பாம்பு தின்று தீர்த்த கதையை வெளியிட்டிருந்தீர்கள். சரி, பாம்பின் வாயைப் பார்த்தாயிற்று. நுரையீரலையும் பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் பர்மிய மலைப்பாம்போடு ஆசிய ஒட்டுண்ணி ஒன்றும் போய்ச் சேர்ந்தது. பார்க்கப் புழு மாதிரி, உண்மையில் இறால், நண்டுக்குச் சொந்தம்! பாம்பின் நுரையீரலில் தங்கி ரத்தம் குடிக்கும். முட்டை எச்சத்தோடு வெளியேற, கரப்பான் தின்கிறது. கரப்பானைத் தவளையும் பல்லியும், அவற்றை உள்ளூர்ப் பாம்புகளும். எதிர்த்துப் பழகாத அந்தப் பாம்புகளில் சில செத்தே போகின்றன. மலைப்பாம்பு இன்னும் எட்டாத வடக்குப் பகுதிகளிலும் இந்த ஒட்டுண்ணி தென்பட்டுவிட்டது. இதைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்