போசம் பெருச்சாளி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் ஆஸ்திரேலியாவின் போசம் (possum) என்ற விலங்கைப் 'பெருச்சாளி வகை' என்று எழுதியிருந்தீர்கள். சிட்னியில் என் மகள் வீட்டுக் கூரைக்குள் ஒன்று குடியிருக்கிறது. நான் வளர்த்த கறிவேப்பிலைக் கன்றை மொட்டையடித்ததும் அதுதான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே! அது கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் பிராணி. நான்கைந்து மாதம் பையில். பிறகு தாயின் முதுகில் சவாரி.

யூகலிப்டஸ் மரப்பொந்துதான் அதன் சொந்த வீடு. பொந்து உருவாகவே நூறாண்டுக்கு மேல் ஆகுமாம். மரத்தை வெட்டிவிட்டால் கூரைக்குத்தானே வரும்? உரிமம் பெற்றுப் பிடித்தாலும், அன்றே பொழுது சாய்ந்ததும் பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள் விட்டுவிட வேண்டும் என்பது சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் விதி. அது குடியிருக்க, பொந்துக்குப் பதிலாக மருமகன் மரத்தில் பெட்டி கட்டியிருக்கிறார். அது இன்னும் எட்டிப்பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தற்போது சிட்னி