கிராம் சாயமிடலில் பிழைக்கும் அந்தச் சில செக்கன்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பற்றீரியாவியல் படிக்க வரும் மாணவர் ஆய்வுகூடத்தில் முதலில் கைவைப்பது பெரும்பாலும் கிராம் சாயமிடலில்தான். பற்றீரியாவை ஊதாவாகத் தெரியும் கிராம் நேர், சிவப்பாகத் தெரியும் கிராம் மறை என இரண்டாகப் பிரித்தறியும் இது, டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை. பளிங்கு ஊதாச் சாயம் ஒரு நிமிடம், அயடீன் ஒரு நிமிடம், 95 வீத அற்ககோல், கடைசியாக சஃபிரனின் என்ற சிவப்புச் சாயம் ஒரு நிமிடம், இடையிடையே கழுவல் என்று வரிசை பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் விடை மாறிக் கிடக்கிறது. அனேகமாகப் பிழை அற்ககோலில்தான்.

அயடீன் ஊதாவோடு சேர்ந்து கலத்துக்குள் பெரிய துணிக்கையாகிறது. கிராம் நேர் பற்றீரியாவின் தடித்த பெப்டிடோகிளைக்கன் (வலைபோன்ற சுவர்ப்பொருள்) சுவரை அற்ககோல் நீரகற்றி இறுக்குவதால் ஊதா உள்ளேயே அகப்பட்டுவிடும். கிராம் மறையில் சுவர் மெல்லியது. வெளிமென்சவ்வின் இலிப்பிட்டும் (கொழுப்பும்) கரைய, ஊதா கழன்றுவிடும். இந்த வேறுபாடு நிற்பது சில செக்கன்களுக்கு மட்டுமே. பற்றீரியாவைப் பூசிய வழுக்கியை (கண்ணாடித் தகட்டை) சாய்த்து அற்ககோலைத் துளித்துளியாக விட்டு, வழியும் துளி தெளிந்தவுடன் கழுவி நிறுத்தவேண்டும். மெல்லிய பூச்சுக்கு 10 முதல் 20 செக்கன் போதும். நேரம் கூடினால் கிராம் நேர் பற்றீரியாவும் சிவக்கும், குறைந்தால் கிராம் மறைப் பற்றீரியாவும் ஊதாவாக நிற்கும். பூச்சு தடித்திருந்தால் ஒரே வழுக்கியில் இரண்டு பிழையும் வரும்.

சாயமிட எடுக்கும் பற்றீரியா வளர்ப்பு 24 மணித்தியாலத்துக்கு மேற்படாதிருப்பது நல்லது. முதிர்ந்த கிராம் நேர்க் கலங்களின் சுவர் சிதைந்து ஊதாவை விட்டுவிடும். மாரிகாலத்தில் பூச்சு காய நேரமெடுக்கும். அவசரப்பட்டு ஈரத்தோடு சுடரில் காட்டினால் கலங்கள் உருக்குலையும். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மூன்று தரம் சுடருக்கூடாக எடுத்தால் போதும். கடைசிக் கழுவலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்திலில் படிகிற அதே சுண்ணாம்பு வழுக்கியிலும் படியும். காய்ச்சி வடித்த நீரே நல்லது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே வழுக்கியில் மூன்று பூச்சு இடப் பழக்குங்கள்: ஒரு பக்கம் நீர்விட்டு ஐதாக்கிய தயிர், அதிலுள்ள லக்ரோபசிலசு கிராம் நேர்; மறுபக்கம் ஆய்வுகூடத்தின் தீங்கற்ற ஈ.கோலை என்ற குடற் பற்றீரியா, அது கிராம் மறை. நடுவில் சோதிக்கவேண்டிய மாதிரி. தயிர் ஊதாவாகவும் ஈ.கோலை சிவப்பாகவும் தெரியாவிட்டால் நடுவிலுள்ளதற்கு முடிவு எழுதக்கூடாது. வழுக்கியைத் திரும்பச் செய்யவேண்டும்.

நுண்ணுயிரியல் கற்பிப்போர்,
கோண்டாவில்.