விரிப்பில் 77 புள்ளிகள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் நீ தொலைபேசியில் பேசியபோது, புனேயில் உங்கள் வீட்டுக்கு வாசல் என்று ஒன்று இல்லை என்றும், கதவைத் திறந்தால் எதிரே லிஃப்ட்தான் இருக்கிறது என்றும், மாவுக் கோலம் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் துடைத்துவிடுகிறார்கள் என்றும் சொன்னாய். கூடத்தில் விரிப்பதற்கு வாங்கிய காவி நிறப் பருத்தி விரிப்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு சிக்குக் கோலம் போட முடியுமா என்று அப்போது கேட்டாய். பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். செய்து பார்க்காத கணக்கை நான் ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது செய்து பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கோலம் அழிவதற்காகவே போடப்படுவது. பச்சரிசி மாவில் போட்டதை எறும்பு தின்னும், காற்று கலைக்கும், போகிறவர் வருகிறவர் மிதிப்பார்கள். மறுநாள் விடியலில் சாணம் தெளித்த தரையில் மறுபடியும் புதிதாகத் தொடங்குவோம். அழியாத ஒன்றை விரிப்பில் தீட்டி வைத்தால் அது கோலமாகுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது கோலமாகாது, கோலத்தின் படம்தான் ஆகும் என்பதே இன்னமும் என் எண்ணம். ஆனால் பாப்பா தவழும் இடத்தில் அந்தப் படமாவது இருக்கட்டும், புள்ளிகளைச் சுற்றி வரும் கோடான அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் விரலால் ஓட்டிப் பார்க்கட்டும் என்று நினைத்தபோது என் மனம் இசைந்துவிட்டது. தரையில் போடும் கோலத்தில் தவறினால் கையால் தேய்த்துவிட்டுத் திரும்பப் போடலாம்; இதில் அப்படிச் செய்ய முடியாது. எனவே பெயிண்டைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கே இந்தக் கடிதத்தில் அதிக இடம் கொடுக்கிறேன்.

நம் வீட்டில் பரணில் கிடந்த பழைய ஜமுக்காளத்தை, ஓரங்களில் கரையும் நடுவெல்லாம் ஒரே கருஞ்சிவப்புமாக இருக்குமே, அதைத்தான் எடுத்தேன். நம் பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வரை கிடைத்திருக்கிறது, ஆனால் அதில் ஏன் பட்டை பட்டையான நிறங்களையே பார்க்கிறோம் என்று நீ சிறுவயதில் கேட்டிருக்கிறாய். முரட்டுப் பருத்தி நூலில் நெய்யும்போது நிறப் பட்டைகளைத்தான் எளிதாகக் கொண்டுவர முடியும். நுணுக்கமான பூ வேலைக்கு அந்த நூல் வளைந்து கொடுக்காது. அதற்காகவே பின்னாளில் செயற்கைப் பட்டு நூலில் நெய்யும் இன்னொரு வகை வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நெசவு மறுத்த வளைவுகளைத்தான் நாம் பெயிண்டால் அதன்மேல் ஏற்றப் பார்க்கிறோம். துணி அதை எதிர்க்கத்தான் செய்யும்.

அது எதிர்த்த விதத்தைக் கேள். வாசல் இரும்பு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமல் பெயிண்டையும் சுவருக்கு அடித்த எமல்ஷனையும் ஒரு மூலையில் தடவிப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். இரண்டும் காய்ந்த பிறகு அட்டை போல விறைத்துவிட்டன. மடக்கியபோது எமல்ஷன் நொறுங்கிப் பொடியாக உதிர்ந்தது. பிறகு கடைக்குப் போய்த் துணிக்கென்றே விற்கும் ஃபேப்ரிக் பெயிண்டில் வெள்ளை வாங்கி வந்தேன். ஓட்டமாக இருக்கட்டும் என்று நீர் கலந்து, பிரஷ்ஷால் ஒரு வளைவை இழுத்தேன். ஒரு நிமிடம் அழகாக இருந்தது. அதற்குள் ஈரம் குறுக்கே ஓடும் ஊடு நூல் வழியாகப் பக்கவாட்டில் ஊர்ந்து, விரல் அகலக் கோடு இரண்டு விரல் அகலத்துக்கு மங்கலாகப் பரவிவிட்டது. பக்கத்தில் குனிந்து பார்த்தேன்: நூல் ஓடும் திசையில் போன கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தது, நூலைக் குறுக்கே தாண்டிய இடமெல்லாம் ரம்பத்தின் பல்லைப் போல இருந்தது. மேடான நூல்களின் முதுகில் மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தது, பள்ளத்தில் கருஞ்சிவப்பு அப்படியே தெரிந்தது.

கும்பகோணம் பக்கம் கருப்பூர்க் கலம்காரியை நாம் பார்த்த நினைவு உனக்கு இருக்கிறதா? கோயில் விதானத்துக்கும் தேரில் தொங்கவிடும் தொம்பைக்கும் துணியில் தீட்டுவார்களே, அதுதான். கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தீட்டத் தொடங்குகிறார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் சாயம் பரவாமல் நிற்கிறது. கூடத்து விரிப்பைப் பாலில் ஊறவைக்கச் சொல்ல மாட்டேன், நாற்றம் வந்துவிடும். ஆனால் அவர்களுடைய அக்கறை என்னவென்று புரிந்தது: ஈரத்தை அடக்கினால் நிறம் அடங்கும். எனவே பெயிண்டில் ஒரு சொட்டு நீரும் கலக்காதே. பிரஷ்ஷையும் வைத்துவிடு. பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சில் ஒரு துண்டு வெட்டி, அதன் நுனியில் பெயிண்டைத் தொட்டு, பழைய காகிதத்தில் இரண்டு முறை ஒற்றிப் பாதிக்கு மேல் போக்கிவிட்டு, மிச்சத்தை விரிப்பின்மேல் நேராக மேலிருந்து கீழாகக் குத்திக் குத்தி ஒற்ற வேண்டும். தேய்க்கவே கூடாது. அப்படி ஒற்றும்போதுதான் நூல்களுக்கு இடையிலுள்ள பள்ளத்திலும் நிறம் இறங்குகிறது. காவித் துணியின்மேல் வெள்ளை ஒரே பூச்சில் எடுக்காது. மெல்லிய பூச்சாக இரண்டு, தேவைப்பட்டால் மூன்று, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது.

உன் விரிப்பு பருத்திதானா என்பதை மறுபடியும் பார்த்துக்கொள். பாலியெஸ்டரில் இந்தப் பெயிண்ட் பிடித்து நிற்பது அரிது. மயிர் நீண்ட கம்பளமாக இருந்தால் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். தட்டையாக நெய்த பருத்திதான் இதற்கு ஏற்றது. புது விரிப்பில் கஞ்சி இருக்கும். ஒருமுறை அலசிக் காயவைத்துவிடு. சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் துடைத்துப் பார். காவிச் சாயம் துணியில் ஏறினால், அந்த விரிப்பில் வெள்ளைக் கோலம் வேண்டாம், வேறு வாங்கு.

இனிக் கணக்கு. உன் விரிப்பு நான்கடிக்கு ஆறடி என்றாய். ஏறத்தாழ 122 செ.மீ. அகலம், 183 செ.மீ. நீளம். இதில் நேர்ப்புள்ளியாக, அதாவது புள்ளிக்கு நேரே புள்ளி வரும்படி, அகலத்தில் 7, நீளத்தில் 11 புள்ளிகள் வை. புள்ளிக்குப் புள்ளி 15 செ.மீ. ஆக மொத்தம் 77 புள்ளிகள். நான்கு ஓரங்களிலும் 16 செ.மீ. அளவுக்கு இடம் மிஞ்சும். கம்பி வெளிப்புள்ளியைச் சுற்றி வர அதில் ஏழரை செ.மீ. போனாலும், விரிப்பின் ஓரத்துக்கு மூச்சு விட இடம் இருக்கும்.

7, 11 என்று ஏன் சொல்கிறேன் என்பதைக் கவனமாகப் படி. நேர்ப்புள்ளியில் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் குறுக்காகப் பின்னிப் போகும் சாதாரணச் சிக்குக் கோலத்தில், இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை தனித்தனிக் கம்பிகள் வரும். அகலத்தில் 6, நீளத்தில் 9 வைத்தால் மூன்று கம்பிகளாகப் பிரிந்துவிடும். நாலுக்கு நாலு வைத்தால் நான்கு. 7க்கும் 11க்கும் 1ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது என்பதால், 77 புள்ளிகளையும் ஒரே கம்பி சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். என் அம்மாவுக்கு மீப்பெரு பொது வகுத்தி தெரியாது. ஆனால் எந்தப் புள்ளிக்குக் கம்பி அறாமல் வரும், எதற்கு அறுந்து வரும் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1970களிலேயே கோலத்துக்குக் கணினி முறையில் இலக்கணம் எழுதினார்கள் என்று படித்தபோது, வகுப்பில் பிள்ளைகளிடம் அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா!

உன் விரிப்பில் அந்த ஒற்றைக் கம்பியின் நீளத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். புள்ளிக்கு நான்கு துண்டுகள், துண்டுக்குப் பத்தரை செ.மீ.க்குச் சற்று மேல். மொத்தம் 32 மீட்டருக்கு மேல் வருகிறது. கம்பி தன்னையே வெட்டும் இடங்கள் மட்டும் 136. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று உட்காராதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் வைத்திருக்கிறேன். அப்பாவின் முழங்காலுக்கு எடுத்தது. அதில் ஒரு புள்ளிக்குரிய வடிவத்தைப் பிளேடால் வெட்டியிருக்கிறேன்: நடுவில் புள்ளிக்கு ஒரு துளை, அதைச் சுற்றி லேசாக வளைந்த நான்கு சாய்வான பிளவுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. அகலம். பிளவுகள் ஒன்றையொன்று தொட்டால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும் என்பதால் நான்கு முனைகளிலும் ஒரு செ.மீ. வெட்டாமல் விட்டிருக்கிறேன். 77 இடங்களிலும் ஒற்றி முடித்தபின், கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் இந்த இடைவெளிகள் தெரியும். அவற்றை மட்டும் சிறிய பிரஷ்ஷால், நீர் கலக்காத பெயிண்டால் இணைத்துவிடு. வெளிவரிசைப் புள்ளிகளின் வெளிமுனையைக் கூராக விடாமல் வளைத்து முடி. கோலத்தின் நெளிவு அங்கேதான் தெரியும்.

புள்ளி வைப்பதில் நான் ஒரு நாள் முழுவதையும் இழந்தேன். விரிப்பின் ஓரத்தை நம்பி அங்கிருந்து அளந்துகொண்டு போனேன். கடைசி வரிசைக்கு வந்தபோது கோலம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அளந்து பார்த்தால், ஜமுக்காளத்தின் ஒரு முனை மற்றதைவிட இரண்டு செ.மீ. அகலம். கையால் நெய்த துணி எதுவும் சரியான செவ்வகமாக இருக்காது, அதை ஒரு குறையாகவும் நான் சொல்ல மாட்டேன். எனவே ஓரத்தை மறந்துவிடு. விரிப்பை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மடித்து நடுவைக் கண்டுபிடி. அந்த நடுவின் வழியாக, ஆசாரிகள் மரத்தில் நூல் அடிப்பார்களே, அதுபோல் சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து நெடுக்கிலும் குறுக்கிலும் அடி. அங்கிருந்து வெளியே 15 செ.மீ. விட்டுவிட்டு மற்றக் கோடுகளை அடித்துக்கொண்டு போ. நூல் பிடிக்க இருவர் வேண்டும், மருமகளைக் கூப்பிட்டுக்கொள். நான்கு மூலைப் புள்ளிகளும் வைத்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்: 90க்கு 150 என்ற செவ்வகத்துக்கு மூலைவிட்டம் 175 செ.மீ.க்கு ஒரு மயிரிழைதான் குறைவு. இரண்டும் அந்த அளவுக்கு வந்துவிட்டால் கோலம் கோணாது.

தீட்டும்போது அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொள். நிறம் ஊடுருவித் தரையில் அச்சாகும். ஒரு புள்ளியை ஒற்றியதும் ஃபிலிமின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. நான் துடைக்காமல் வைத்ததால் மூன்றாவது வரிசையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கறை விழுந்து, இன்னும் அப்படியே இருக்கிறது. முழுவதும் முடிந்தபின் குறைந்தது ஒரு நாள் காயவிட்டு, மேலே பழைய பருத்தித் துணியைப் போட்டு, நீராவி இல்லாமல் சூடாக இஸ்திரி போடு. பெயிண்ட் நூலோடு இறுகுவது அந்தச் சூட்டில்தான். எத்தனை நாள் கழித்து நனைக்கலாம் என்று குப்பியின்மேல் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்து அப்படியே செய். அதற்குப் பிறகும் மெஷினில் போடாதே, ஈரத்துணியால் துடைத்தால் போதும். எடுத்து வைக்க நேர்ந்தால் மடிக்காமல் சுருட்டி வை. கூடத்தில் டைல்ஸ் தரை என்பதால் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று கட்டாயம் போடு. பாப்பா இன்னும் சில மாதங்களில் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்குவாள்.

நீ ஐந்தாம் வகுப்பு படித்த மார்கழிகளில், இருட்டோடு எழுந்து வந்து எனக்காகப் புள்ளி வைத்துத் தருவாய். குனிந்து உட்கார்ந்து, விரலிடுக்கிலிருந்து மாவைச் சொட்டுவதுபோல் ஒவ்வொன்றாக வைப்பாய். வரிசை ஒருநாளும் கோணியதில்லை. கம்பி இழுக்க மட்டும் மறுத்துவிடுவாய், தெருவில் பையன்கள் பார்ப்பார்கள் என்று. நானும் வற்புறுத்தவில்லை. அப்போது கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று இந்த மூன்று வாரமும் தோன்றிக்கொண்டே இருந்தது. நீயாகவே கேட்டபோது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதைத் தொலைபேசியில் சொல்லத் தெரியவில்லை.

விரிப்பில் கைவைப்பதற்கு முன், ஃபிலிமை வைத்து ஒரு பழைய தலையணை உறையில் நான்கைந்து முறை ஒற்றிப் பழகிக்கொள். பிறகு அகலத்தில் நான்காவது, நீளத்தில் ஆறாவது புள்ளியில் தொடங்கு. அதுதான் நடுப்புள்ளி, அங்கிருந்து நான்கு பக்கமும் வெளியே போ. முதல் வரிசை முடிந்ததும் எனக்குப் படம் அனுப்பு.

அன்புடன்,
அம்மா
பவானி