அன்பளிப்புப் பிரதியும் 'ஒரே மூச்சும்': நூல் அறிமுகம் எழுதும் திருகோணமலை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் புத்தகங்களைப் பற்றி எழுதும் நண்பர்களே, வணக்கம்.

உங்களில் பாதிப்பேரை எனக்கு நேரில் தெரியும். வெளியீட்டு விழாக்களில் பின்வரிசையில் சேர்ந்திருந்து, தலைமையுரை எப்போது முடியும் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டவர்கள் நாம். ஆகவே சுற்றிவளைக்காமல் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருடம் உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் உப்புவெளியில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து தன் புத்தகத்தைத் தந்துவிட்டுப் போனார். முதல் பக்கத்தில் நீல மையில் 'அன்பளிப்பு' என்று ரப்பர் முத்திரை. மை காயமுன் மூடிவிட்டார் போலும், எதிர்ப்பக்கத்திலும் அது இடம்வலம் மாறி மங்கலாகப் பதிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் கேட்டார்: "டீச்சர், ஒரு நாலு வரி போட்டால் பெரிய உதவி." அன்றிரவே முன்னட்டையைப் படமெடுத்துப் போட்டேன். முத்திரை குத்திய பக்கத்தைப் போடவில்லை. 'ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்' என்று எழுதினேன். உண்மையில் அப்போது நாற்பது பக்கம்கூடத் தாண்டியிருக்கவில்லை.

காலையில் மூதூர்த் தம்பி ஒருவர் கீழே கேட்டிருந்தார்: "விலை எவ்வளவு டீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கியிருந்தால்தானே தெரியும்! புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்து '800 ரூபா' என்று பதில் போட்டேன். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவர் கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் போயிருக்கிறார். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் வந்தார். "டீச்சர், 64ஆம் பக்கத்துக்குப் பிறகு திரும்பவும் 49 வருது. அது முடிய நேரே 81. உங்கட புத்தகத்திலயும் இப்பிடித்தானா?" எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான். கட்டும்போது ஒரு பாரத்தை, அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் பதினாறு பக்கத்தை, இரண்டு தரம் வைத்து, அடுத்த பதினாறு பக்கத்தை விட்டுவிட்டார்கள். ஒரே மூச்சில் வாசித்து முடித்தவள் நான்! அந்தத் தம்பி ஏசவில்லை, சிரிக்கவும் இல்லை. "சரி டீச்சர், கேட்டுப் பார்த்தேன்" என்று வைத்துவிட்டார். எழுத்தாளர் பாவம், தம்பிக்கு வேறு பிரதி அனுப்பினார். எனக்கும் ஒன்று தந்தார். தரும்போது "நீங்களும் கவனிக்கேல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்துதான் இந்த மடல் மனதில் கிடக்கிறது.

அன்பளிப்புப் பிரதி வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் ஊரில் புத்தகத்தைப் பற்றி ஒருவரும் எழுத மாட்டார்கள். முந்நூறு பிரதி அச்சடித்து, விழாவன்று முதற்பிரதி வாங்கியவரும் என்வலப்பில் காசு வைத்துக் கொண்டுவந்தவர்களும் எடுத்தது போக, மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருக்கும் எழுத்தாளர்கள் எத்தனை பேர். 2022 நெருக்கடிக்குப் பிறகு காகித விலையும் அச்சுக்கூலியும் ஏறிய ஏற்றத்தில் ஒரு பிரதியைச் சும்மா தருவதே அவர்களுக்குப் பெரிய காரியம். தருகிறார்கள் என்றால் நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற ஆசையில்தான். அந்த ஆசையில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

பத்திரிகைக் காலத்திலும் புத்தகம் சும்மாதான் போனது. ஆனால் 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும்' என்று பத்திரிகைக்காரர்களே அச்சிட்டுவிடுவார்கள். எழுத நேரமில்லாத நூல்களை 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாகப் போடுவார்கள். வாங்கியதா வந்ததா என்ற மயக்கம் வாசகருக்கு வராது. முகநூலில் அந்த இரண்டு வரியும் தொலைந்துபோயின. காசு கொடுத்து வாங்கியவரின் பதிவும் கையளிக்கப்பட்டவரின் பதிவும் ஒரே அட்டைப்படத்தோடு ஒரே மாதிரி வருகின்றன.

இன்னும் பின்னால் போனால் நன்னூல் இருக்கிறது. தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல, ஆகவே நூலின் முன்னால் வரும் புகழுரையான சிறப்புப்பாயிரத்தை வேறொருவர்தான் சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தி. யார் யார் சொல்லலாம் என்றும் எண்ணித் தருகிறார்: நூல் செய்தவரின் ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணாக்கர், தகுந்த உரைகாரர். உயர்தர வகுப்பில் வருடக்கணக்காக இதைச் சொல்லிக்கொடுத்த எனக்கு, இது எவ்வளவு நேர்மையான பட்டியல் என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தட்டுப்பட்டது. நாலு பேரில் மூவர் வேண்டப்பட்டவர்கள், அதை ஒளிக்கவில்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்று உரைகாரர்களும் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். நண்பன் புகழ்கிறான் என்று தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் புகழை எந்த அளவுக்கு எடுக்க வேண்டுமோ அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாடுகளில் இதற்கு விதியே இருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009இல் தன் வழிகாட்டலைத் திருத்தி, இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு எழுதும் வலைப்பதிவர் அதைச் சொல்ல வேண்டும் என்றது. பத்திரிகை விமர்சகருக்கு இல்லாத கட்டாயம் எங்களுக்கு மட்டும் ஏன் என்று புத்தகப் பதிவர்கள் அப்போது கொதித்தார்கள். அவர்கள் கொதித்ததில் நியாயமும் இருந்தது. 2024இல் அதே ஆணைக்குழு, நல்லதாக எழுதினால் இது தருவேன் என்று பேரம்பேசி மதிப்புரை வாங்குவதையே தடைசெய்தது. இந்தியாவில் விளம்பரத் தரக் கண்காணிப்பு மன்றம் 2021இல் கொண்டுவந்த விதி, பக்கச்சார்பில்லாமல்தான் எழுதினேன் என்றாலும் இலவசமாக வந்ததைச் சொல்லத்தான் வேண்டும் என்கிறது. அமேசன் கதை வேடிக்கையானது. 2016இல் இலவசப் பொருளுக்கு மதிப்புரை எழுதுவதைப் பெரும்பாலும் நிறுத்தியபோதும் புத்தகத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள், வெளிவருமுன்னே பிரதி கொடுப்பது பழைய வழக்கம் என்று. ஆனால் எழுத்தாளரின் குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் அங்கே மதிப்புரை எழுதக் கூடாது. இந்த விதியை நம் ஊரில் போட்டால் யார் மிஞ்சுவோம் என்று யோசித்துப் பார்த்தேன்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கருக்குப் பிரச்சினை பொருள். நமக்குப் பிரச்சினை முகதாட்சண்யம். 800 ரூபாய்ப் புத்தகத்துக்காக யாரும் பொய் எழுத மாட்டோம். எழுத்தாளர் நம் மகனுக்குப் படிப்பித்தவர், நாளைக்குக் கோயிலடியில் எதிரே வருவார், அடுத்த மாதம் நம் புத்தகத்துக்கு அவர் நயவுரை சொல்ல வேண்டும். இதற்காகத்தான் எழுதுகிறோம். ஆகவே 'பிரதி அன்பளிப்பாகக் கிடைத்தது' என்று சொல்லிவிட்டு, அணிந்துரை எழுதியவர் நான் என்பதை விட்டுவிட்டால் அது அரைவாசி உண்மைதான். பிழைதிருத்திக் கொடுத்தவர், அட்டை வரைந்தவர், விழாவில் மாலை போட்டவர் எல்லோரும் மறுநாள் வாசகர்போல வந்து 'அருமையான நூல்' என்று எழுதுகிறோம். மூதூரிலோ தம்பலகாமத்திலோ இருந்து பார்க்கும் ஒருவருக்கு அது ஆறு தனித்தனி ஆட்களின் கருத்தாகத் தெரியும். நமக்குத் தெரியும், அது ஒரே மேசை.

நான் கேட்பது கொஞ்சம்தான். பதிவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 'ஆசிரியர் தந்த பிரதி. அவர் என் பழைய மாணவர். தொண்ணூறாம் பக்கம் வரை வாசித்திருக்கிறேன்.' அவ்வளவுதான். கடைசியில் ஒரு குறிச்சொல்லாக ஒட்டினால் போதாது. நீளமான பதிவை முகநூல் நாலைந்து வரியோடு மடித்து 'மேலும் பார்க்க' என்று வைத்துவிடும், அதைத் தட்டாதவருக்கு ஒன்றும் தெரியாது. பிடிஎப் அனுப்பியிருந்தால் பிடிஎப் என்று எழுதுங்கள். திரையில் வாசித்தவருக்கு எழுத்தின் அளவும் தெரியாது, கட்டும் தெரியாது. என்னைப்போல் பாரம் மாறியதும் தெரியாது.

ஒருவர் கேட்டார், ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' தளத்தில் வாசித்த புத்தகமும் இலவசம்தானே, அதையும் சொல்ல வேண்டுமா என்று. வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இருப்பது எல்லோருக்கும் இலவசம். எனக்குக் கிடைப்பது உங்களுக்கும் கிடைக்கிறது, நான் சொன்னது சரியா என்று நீங்களே திறந்து பார்க்கலாம். எனக்கு மட்டும் இலவசமாக வந்து உங்களுக்கு 800 ரூபாய் ஆகும் புத்தகம் வேறு சங்கதி.

குறை எழுதினால் எழுத்தாளர் மனம் உடைந்துபோவார் என்பீர்கள். உண்மைதான், சிலர் உடைவார்கள். ஒருவர் என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. ஆனால் குறையை எழுதியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிடிக்காத நூலைப் பற்றி எழுதாமல் விடலாம், அது உங்கள் உரிமை. வாசிக்காத பக்கத்தைப் புகழாதீர்கள். எழுத்துப்பிழை பக்கத்துக்குப் பக்கம் கிடந்தால் அதையாவது சொல்லுங்கள், அடுத்த பதிப்புக்கு அவருக்கே உதவும். எழுத்தாளர்களிடமும் ஒன்று: பிரதி தந்த மூன்றாம் நாள் 'போட்டீர்களா?' என்று கேட்காதீர்கள். கேட்டால் வாசிக்காமல்தான் போடுவோம்.

என் பழைய பதிவை நான் அழிக்கவில்லை. மேலே இரண்டு வரி சேர்த்தேன்: பிரதி அன்பளிப்பு, அன்று நாற்பது பக்கம்தான் வாசித்திருந்தேன். இப்போது முழுக்க வாசித்துவிட்டேன். நல்ல புத்தகம்தான், நடுவில் இரண்டு அத்தியாயம் இழுக்கிறது.

அடுத்த மாதம் ஒரு கவிதைத் தொகுப்பு வெளிவருகிறது. நயவுரை என்னுடையது, ஆகவே அதைப் பற்றி நான் முகநூலில் எழுதப்போவதில்லை. உங்களில் யாராவது விழாவுக்கு வந்து, காசு கொடுத்து வாங்கி, வாசித்துவிட்டு எழுதுங்கள். விலை 600 ரூபா. இந்த முறை கேட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
உப்புவெளி, திருகோணமலை