பாட்டின் வரிகளை எங்கள் கையில் கொடுங்கள்

பாரிஸில் எங்களுக்குக் கச்சேரி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். பாடல் வரிகளை அச்சிட்டுத் தருவதை நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று திரும்ப விளக்க வேண்டாம். இதுபற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். போன வாரம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'இஸ்த்வார் நாத்யுரெல்' என்ற பாடல் தொகுப்பைக் கேட்ட பிறகு பொதுவில் எழுத வேண்டியதாகிவிட்டது.

மயில், சிள்வண்டு, அன்னம், மீன்கொத்தி, கினிக்கோழி. எழுத்தாளர் ஜூல் ரெனார் இவற்றைப் பற்றி எழுதிய ஐந்துக்கும் 1906இல் ராவெல் இசையமைத்தார். அன்னத்தின் பாட்டில் பியானோ தண்ணீராகவே ஓடும். நீரில் தெரியும் மேகங்களை அன்னம் துரத்துகிறது. கழுத்தை உள்ளே விட்டதும் மேகம் கலைந்துபோகிறது. ஐயோ, இந்த நிழலுக்காகவே உயிரை விட்டுவிடுமோ என்று நாம் உருகும் நேரத்தில் பாட்டு சட்டென்று தரைக்கு இறங்குகிறது. முங்கும்போதெல்லாம் அது சேற்றைக் கிளறிப் புழுவோடு வருகிறதாம், வாத்து மாதிரி கொழுக்கிறதாம்! அந்த ஒரு வரிக்காகத்தான் அத்தனை அழகும்.

அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் காதில் கருவி வைத்த பெரியவர் ஒருவர் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "கடைசியில் அன்னம் செத்துப்போய்விட்டதா?"

எனக்கு மனசே ஆறவில்லை. வரிகளைக் கைபேசியில் பார்க்கச் சொல்கிறீர்கள். அரங்குக்குள் அதை அணைக்கவும் சொல்கிறீர்கள். விளக்கும் இல்லை. அவர் எங்கே போய்ப் படிப்பார்?

1907 ஜனவரி 12 அன்று ராவெலே பியானோ வாசிக்க, பாடகி ஜான் பாத்தோரி இதே பாடல்களை முதன்முதலில் பாடினார். பாட்டில் வழக்கமாக ஒலிக்கும் சொற்களின் ஈற்றொலியை, பேச்சுப் பிரெஞ்சு போல ராவெல் விழுங்கியிருக்கிறார் என்று அரங்கமே கொதித்தது. அவர்கள் கோபப்பட்டதற்கும் சொற்கள் காதில் விழுந்திருக்க வேண்டுமே. எங்களுக்கு அந்தக் கோபத்துக்குக்கூட வழியில்லை.

கையேட்டில் விளம்பரத்துக்குப் பக்கங்கள் இருக்கின்றன. பாடகர் வாங்கிய பரிசுகளுக்கு இருக்கின்றன. நுழைவுச்சீட்டு விலையும் ஏறிவிட்டது. கவிதைக்கு மட்டும் இடமில்லை என்றால் அது பாடல் கச்சேரிதானா?

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். நான் கேட்பது ஒரே ஒரு தாள். அதில் வரிகள், படிக்கும் அளவுக்குக் கொஞ்சம் வெளிச்சம். தயவுசெய்து கொடுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷப்ரியேயின் வாத்துக்குஞ்சுப் பாட்டு வைத்திருக்கிறீர்கள். அதற்குள் அச்சிட்டுவிட்டால், அந்தப் பெரியவரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் ரசிகை