கேட்ச் கேன் கிட்டின் விலையும் இஞ்சின் சேதச் செலவும் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

என் எஸ்டீம் காரில் நானே பொருத்திய உங்கள் டர்போ கேட்ச் கேன் கிட்டை (இஞ்சின் ஆவியோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பாவும் வால்வும்) பற்றிப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் ஸ்பீடு போஸ்டில் இந்தக் கடிதம்.

கிட் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் மெனிஃபோல்டு (இஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்) கிராங்க் கேஸ் (இஞ்சினின் அடிப்பெட்டி) காற்றை இழுக்க வேண்டும்; பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுகிற காற்றழுத்தம், ஏறினால் ஒன் வே வால்வு மூடிக்கொள்ள வேண்டும். உங்கள் வால்வு மூடவே இல்லை; டர்போ காற்று கிராங்க் கேஸுக்குள் புகுந்துவிட்டது. ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். பாதி மலைகூட ஏறவில்லை, ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் தானாக எழும்பி, ஆயில் எக்ஸாஸ்ட் மேல் கொட்டி, போனட் முழுக்கப் புகை. பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி ஓடிவந்து, "ஏனுங்க தம்பி, தீப் புடிச்சிருச்சா?" என்று கேட்டார். நிஜமாகவே பிடித்திருந்தால் யார் பொறுப்பு?

இதைச் சொன்னபோது உங்கள் ஆள் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "வீட்டுல வெச்சு இஞ்சின் நோண்டுறவங்களுக்கெல்லாம் எங்களால பதில் சொல்ல முடியாது. நீங்க என்ன மெக்கானிக்கா?" பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். பெட்டியில் 'சொந்தமாக டர்போ பொருத்துபவர்களுக்கு' என்று அச்சடித்திருப்பது நீங்கள்தானே? விற்கும்போது வேண்டியவன், புகார் சொன்னால் நோண்டுகிறவனா? அந்த அழைப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் கோயம்புத்தூரில் உங்கள் இடத்துக்கு வந்த கதை. "பாகத்தை நேரில் கொண்டு வாங்க, அன்றே மாற்றித் தருகிறோம்" என்றார்கள். வேலைக்கு லீவு போட்டு, பவானி, பெருந்துறை, அவிநாசி என்று பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால், இன்று ஸ்டாக் எடுக்கிறோம் என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. முன்பே ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அந்த வால்வைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போகிறது. உள்ளே இருக்கிற ரப்பர் மடல் ஆயிலில் ஊறி ஓரம் சுருண்டிருக்கிறது. ஆயில் ஆவி போகிற வழியில் ஆயில் தாங்காத ரப்பரா? கேனைத் திறந்தால் படத்தில் காட்டிய தடுப்புத் தகடும் இல்லை, கம்பி வலையும் இல்லை, வெறும் அலுமினிய டப்பா. டர்போ வாய்க்குப் போகிற குழாய் வழியாக ஆயில் அப்படியே டர்போ காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் வரை இறங்கியிருக்கிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறியதால் டர்போவின் ஆயில் சம்புக்கு (அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) திரும்ப முடியாமல், அதன் சீலும் போச்சு, பின்பக்க கிராங்க் சீலும் போச்சு. எஸ்டீம் இஞ்சின் 1.3 லிட்டர்தான், ஆனால் அதில் என் இளமையே போயிருக்கிறது. ஒரு ஆயுள் சம்பாத்தியத்தை உங்கள் ஒரு வால்வு தின்றுவிட்டது.

எனக்குச் சண்டை போட ஆசை இல்லை ஐயா. கிட்டின் விலை, டர்போ ரிப்பேர், சீல், ஆயில், கோவை வந்துபோன செலவு எல்லாவற்றுக்கும் பில் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பணம் வந்தால் சரி. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும். அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. அப்போது நீங்கள்தான் சேலத்துக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

போனில் அப்படிப் பேசிய ஊழியர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தோடு அதுவும் வர வேண்டும். தயவுசெய்து இந்த முறையாவது பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்