2147483647 பைட்டில் நின்றுபோன பேக்கப்

ஆசிரியர் அவர்களுக்கு,

யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பழைய மெஷின்களைத் தூக்கிப் போடச் சொல்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், அவற்றில் 2 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் போகாது என்பதுதான். உண்மைதான். ஆனால் அதற்காக மெஷினையே மாற்றத் தேவையில்லை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் தினமும் இரவு டேட்டாபேஸ் பேக்கப் ஓடும். ஒருநாள் டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பை எடுத்தால் பாதியில் அறுந்து கிடக்கிறது, அளவு 2147483647 பைட். முந்தைய நாட்களுடையதைப் பார்த்தால் அவையும் ஒரு பைட் பிசகாமல் அதே அளவு! டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. ஃபைல் பெரிதாகிவிட்டது என்ற எரர் தினமும் லாகில் விழுந்திருக்கிறது, நாங்கள் யாரும் படிக்கவில்லை. அந்த வாரம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

ஃபைலுக்குள் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதை அந்தக் கால யுனிக்ஸ் 32 பிட் எண்ணில் வைத்திருக்கும், அதில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்கே போய்விடும். மிச்சம் 31 பிட்டில் எட்டக்கூடிய கடைசி எண்தான் அந்த 2147483647. 1990களின் பிற்பாதியில் சோலாரிஸ் 2.6 போன்ற யுனிக்ஸ் பதிப்புகள் 64 பிட் எண்ணுக்கு வழி செய்தன. ஆனால் சிஸ்டம் மாறினாலும் பழைய முறையில் கம்பைல் செய்த புரோகிராம் 2 ஜிபியிலேயே முட்டி நிற்கும். எழுதக்கூடிய ஃபைல் அளவுக்கு சிஸ்டம் வைக்கும் வரம்பான யூலிமிட் குறைவாக இருந்தாலோ, நடுவில் நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் பதிப்பு 2 இருந்தாலோ அதே கதைதான்.

சரி, வழி என்ன? ஒரு புரோகிராமின் அவுட்புட்டை நேரே இன்னொன்றுக்குக் கொடுக்கும் பைப்பில் ஓடும் டேட்டாவுக்கு இந்த எல்லை கிடையாது. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளை தரும் அவுட்புட்டை ஃபைலில் எழுதாமல் நேரே, துண்டு போடும் ஸ்ப்ளிட் கட்டளைக்குள் விட்டு, 1000 எம்பி துண்டுகளாக வெட்டச் சொன்னால் எந்தத் துண்டும் எல்லையைத் தொடாது. திரும்பத் தேவைப்படும்போது கேட் கட்டளையால் வரிசையாகச் சேர்த்து அதே பைப் வழியாக டாருக்குக் கொடுத்துவிடலாம், முழு ஃபைல் டிஸ்க்கில் உருவாகவே வேண்டாம். ஃபைல் பெயர் கேட்டே தீருவேன் என்று அடம்பிடிக்கும் புரோகிராம் என்றால் மேக்நோட் கட்டளையால் பெயருள்ள பைப் ஒன்றை உண்டாக்கி அந்தப் பெயரைக் கொடுங்கள், மறுமுனையில் டேட்டாவைச் சுருக்கும் ஜிஜிப்பும் ஸ்ப்ளிட்டும் காத்திருக்கட்டும். எழுதியதற்குப் பின்னால் போய்த் திருத்துகிற புரோகிராமுக்கு மட்டும் இது சரிப்படாது.

அப்புறம் இன்னொன்று. பழைய டார் வடிவத்தில் உள்ளே வைக்கும் ஒவ்வொரு ஃபைலும் 8 ஜிபிக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அளவை எழுத எட்டடிமான (ஆக்டல்) முறையில் 11 இலக்கம்தான் இடம். பலருக்கு இது தெரிவதில்லை.

நாங்கள் இப்படி மாற்றிய பிறகு பல ஆண்டுகள் அதே மெஷின் ஓடியது. மாதம் ஒரு முறை துண்டுகளைச் சேர்த்து வேறு டிஸ்க்கில் விரித்துப் பார்ப்போம். பைப்பில் முன்னால் ஓடும் கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளை வெற்றி என்றே சொல்லும், அதனால் விரித்துப் பார்க்காமல் ஒரு மாதத்தையும் விட்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிஸ்டம் அட்மின்